உயிரோடிருந்த ஜெர்சனுக்கு ஒரு மரண கானா

செத்தவர்களுக்குப் பாடுவதைத் தவிர வேறு தொழில் தெரியாத ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டு, ராயபுரத்துக் கிடங்குத் தெருவில் மீன் வறுத்து விற்றுக் காலம் தள்ளுகிறவள் நான், தனபாக்கியம். என் வீட்டுக்காரர் எத்திராஜுலு என்றால் எண்ணூர் வரைக்கும் தெரியும். எந்த வீட்டில் உயிர் போனாலும் ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிடும் முன்னே அவருக்குத்தான் ஆள் ஓடும், அவர் டேப் என்கிற தோல்மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்ப் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து மரண கானாவை எடுத்தால் பெற்றவள் அழுவாள், கூடப் பிறந்தவன் அழுவான், பத்து வருஷமாகப் பேசாத சண்டைக்காரன் அழுவான், கடைசியில் செத்தவனே கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் கிளம்புவான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

அந்தப் பாட்டுக்கு ஒரு முறை உண்டு. முதலில் செத்தவன் பேர், அடுத்து அவனைப் பெற்றவள் பேர், அப்புறம் அவன் தெரு, அவன் தின்ற மீன், அவன் விட்ட காத்தாடி, அவன் பின்னால் சுற்றிய பெண், எல்லாம் வரிசையாக வந்து, கடைசியில் வழியனுப்பு என்று ஒரு அடி. அதைப் பாடிவிட்டால் போகிறவன் போயே ஆக வேண்டும். பாதியில் விட்ட பாட்டு ஒன்றுகூடத் தன் வாழ்க்கையில் இல்லை என்பது என் வீட்டுக்காரரின் பெருமை, இவ்வளவு பேருக்குப் பாடினேனே எனக்கு யார் பாடுவார்கள் என்பது அவருடைய கவலை. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி என் உயிரை எடுப்பார். "மீன் கல்லத் தட்டி நானே பாடி அனுப்பறேன், கம்முனு துன்னு" என்பேன் நான்.

இப்படி இருக்கையில்தான் எங்கள் தெருவின் பழைய உப்புக் கிடங்கை வாடகைக்கு எடுத்து, பிரேசில் தேசத்திலிருந்து ஒரு கண்காட்சி வந்து இறங்கியது. ரியோ என்கிற ஊரில் மலைச்சரிவு முழுக்க நம்முடையதைப் போலவே குடிசையும் கல்வீடும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்குமாம், அங்கே பிறந்த பாட்டுக்கு ஃபங்க் என்று பேராம், அந்தப் பாட்டைப் பற்றித்தான் படமும் சிலையும் வீடியோவும். கொண்டுவந்தவள் ரெனாட்டா என்று ஒரு பெண், முழங்கை வரைக்கும் பச்சை குத்தியவள், எங்கள் தெரு அவளை ஒரே நாளில் ரேணாத்தா ஆக்கிவிட்டது. அவளுக்கு மொழிபெயர்க்க ஹெப்சி என்று காலேஜ் முடித்த பெண் ஒருத்தி, போர்ச்சுகீசியம் படித்தவள், தண்டையார்பேட்டைக்காரி.

கலைக்கண்காட்சி என்றால் நமக்கென்ன என்று நினைத்துத்தான் எட்டிப் பார்த்தோம். பார்த்தால் சுவரெல்லாம் எங்கள் தெரு. மொட்டை மாடியில் நீலத் தண்ணீர்த் தொட்டி, தொட்டி ஓரத்தில் காத்தாடி விடுகிற பையன்கள், அந்தக் காத்தாடி நூலுக்கும் கண்ணாடித் தூள் தடவுவார்களாம், அதற்கும் போலீஸ் பிடிக்குமாம். முடிக்கு மஞ்சள் சாயம் அடித்த பிள்ளைகள், மூன்று பேர் ஏறிய பைக், மாடியில் ரப்பர் தொட்டிக்குள் தண்ணீர் ஊற்றி உட்கார்ந்துகொண்டு சிரிக்கிற பெண்கள். நடுக்கூடத்தில் கூரை வரைக்கும் அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிச் சுவர், அதில் நெருப்பும் புலியும் வரைந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஆனால் இப்படிப் பெட்டியை அடுக்கித் தெருவை மறித்து ஆடுவார்கள், போலீஸ் வந்து நிறுத்தும், அடுத்த வெள்ளி மறுபடியும் அடுக்குவார்கள் என்று ஹெப்சி சொன்னபோது, "நம்ம சொந்தக்காரன் போலகீதே" என்று என் வீட்டுக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்தார். பெட்டிகள் வெறும் கூடு, உள்ளே ஒரு ஒயர்கூட இல்லை.

அந்தப் பெட்டிச் சுவருக்கு எதிரில்தான் அந்தப் படம் இருந்தது. ஆள் உயரத்துக்குக் கண்ணாடி போட்ட ஃபிரேம், அதற்குள் மஞ்சள் முடியும் பல் இடுக்குமாகச் சிரிக்கிற ஒரு வாலிபன், கீழே ஜெர்சன் என்று அவன் பேரும் பிறந்த வருஷமும், உச்சியில் ஒரு மஞ்சள் பல்பு. எங்கள் தெருவில் உயிரோடு இருக்கிறவன் படம் ஃபோனில் இருக்கும், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பேனரில் இருக்கும். கண்ணாடி போட்டுத் தலைக்கு மேல் பல்பு எரிந்தால் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று பொருள், இதைக் குழந்தையும் சொல்லும். திறப்பு விழாவுக்கு முந்தின சாயங்காலம் ஹெப்சி பிரியாணி வாங்கப் போயிருந்த நேரம், பெண்கள் நாலு பேர் ரெனாட்டாவிடம் படத்தைக் காட்டி யார் என்று கையால் கேட்டோம். அவள் தன் நெஞ்சைத் தொட்டாள், வயிற்றைத் தொட்டு ஒரே வயிறு என்று விரலால் காட்டினாள், கண்ணில் நீர் கட்டிவிட்டது. கூடப் பிறந்தவன் என்று புரிந்தது. வாலிபப் பிள்ளை, இந்த வயசில் போய்விட்டானே என்று எங்களுக்கும் கண் கலங்கியது. ஊரைவிட்டு இவ்வளவு தூரத்தில் தம்பி படத்துக்கு ஒரு முழம் பூ வைக்க ஆளில்லாமல் நிற்கிறாளே என்று மனசு கேட்கவில்லை.

கேட்டால் சிரிப்பீர்கள். பூக்காரர் வீட்டிலிருந்து ரோஜா மாலை வந்தது, ஊதுபத்தி வந்தது, ஒரு தட்டில் வறுத்த மீனும் வந்தது, என் வீட்டுக்காரர் முகம் கழுவி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டேப்போடு வந்து படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ரெனாட்டாவைப் பார்த்து, "அம்மா? அம்மா பேரு?" என்றார். அவளுக்கு அந்த ஒரு வார்த்தை தெரிந்திருந்தது. "மார்லி" என்றாள்.

மார்லி பெத்த மகனே, மலையேறிப் போனவனே,
நீ விட்ட காத்தாடி நூலறுந்து நிக்குதடா,
ஜெர்சா, உன் பொட்டியெல்லாம் பேச்சடங்கி நிக்குதடா...

இப்படி ஆரம்பித்து, பார்த்த படங்களையெல்லாம் கோத்துக் கோத்து, அவன் மலையை, அவன் மஞ்சள் முடியை, அவன் வெள்ளிக்கிழமையைப் பாடினார். முன்பின் தெரியாத ஒருவனுக்காகக் கிடங்குத் தெரு முழுக்க விசித்து அழுதது. தன் ஊர்ப் பாட்டுக்கு இந்த ஊர் தரும் வரவேற்பு இது என்று ரெனாட்டாவுக்கு மயிர்க்கூச்செறிந்து, அவள் அந்தத் தாளத்துக்கு ஆடினாள். ஆடிக்கொண்டே ஃபோனில் படம் பிடித்துத் தம்பிக்கே அனுப்பினாள். வழியனுப்பு அடியை என் வீட்டுக்காரர் ஒரு குறையும் வைக்காமல் பாடி முடித்து டேப்பைக் கீழே வைத்தார்.

ஹெப்சி பிரியாணிப் பொட்டலங்களோடு வந்தாள், மாலையைப் பார்த்தாள், "ஐயோ ஆன்ட்டி, அவரு உயிரோட இருக்காரு" என்றாள்.

நான் ஓடிப் போய் மாலையைக் கழற்றினேன். மாலை என் கையில் இருந்தது, படத்தில் இருந்த ஜெர்சன் கழுத்திலும் இருந்தது, கண்ணாடிக்கு உள்பக்கம், ரோஜாவும் சம்பங்கியும் ஜரிகைக் குஞ்சமும் அப்படியே. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுக் கடையைக் கவனிக்க வெளியே வந்தால், என் மீன் கல்லுக்கு முன்னால் மஞ்சள் முடியோடு ஒருவன் வெறுங்காலில் நின்றுகொண்டு, வஞ்சிரத் துண்டைக் காட்டி ஒன்று என்று விரலைத் தூக்கினான். கழுத்தில் ரோஜா மாலை. கொடுத்தேன். பசியோடு வந்து நிற்கிறவனிடம் முதலில் என்ன கேட்பது?

ரெனாட்டா ஓடி வந்து தம்பி கன்னத்தில் ஓர் அறை விட்டாள், அப்புறம் கட்டிக்கொண்டாள், அப்புறம் அவன் மார்பில் காதை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவன் நெஞ்சுக்குள்ளிருந்து அந்த ஃபங்க் தாளம் வெளியே எல்லோருக்கும் கேட்டது, தும் தச்சக் தும்தும் தச் என்று. ஹெப்சி அவன் பேசியதைச் சொன்னாள்: "அங்க விடிஞ்சும் ஆட்டம் முடியலியாம், ஸ்டேஜ்ல மைக்கை எடுத்தாராம். யாரோ அவங்கம்மா பேரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டாங்களாம். திரும்பிப் பார்த்தாராம். பார்த்தா இங்க இருக்காராம்." அதே நேரம் ரெனாட்டாவின் ஃபோன் அடித்தது. ரியோவிலிருந்து அம்மா மார்லி. ஜெர்சன் மேடையிலேயே சாய்ந்துவிட்டான், ஆஸ்பத்திரியில் கண் மூடிக் கிடக்கிறான், ஏன் என்று டாக்டருக்குத் தெரியவில்லை என்று அழுதாள். அழுகைக்குப் பின்னால் ஏதோ மெஷின் சத்தம் கேட்டது. தும் தச்சக் தும்தும் தச். எங்கள் தெருவில் மீன் தின்றுகொண்டிருந்தவன் நெஞ்சும் அதே நேரத்தில் அதையே அடித்தது.

மறுநாளிலிருந்து அவன் எங்கள் தெருக்காரன். லுங்கி கொடுத்தார்கள், கட்டத் தெரியாமல் இரண்டு தடவை அவிழவிட்டுப் பெல்ட் போட்டுக்கொண்டான். மாடியில் ஏறிக் காத்தாடி விட்டு எங்கள் பிள்ளைகள் நூலையெல்லாம் அறுத்தான், சலூன் கடைக்காரர் பாதித் தெருவுக்கு மஞ்சள் சாயம் அடித்தார், தூங்காத குழந்தைகளைத் தாய்மார்கள் அவன் மார்பில் போட்டால் தாளத்தைக் கேட்டுத் தூங்கின, வலை இழுக்கிறவர்கள் ஏலேலோவை விட்டுவிட்டு அவனைக் கரையில் நிற்க வைத்து அந்த அடிக்கு இழுத்தார்கள். தேர்தல் வருகிறது, ஓட்டர் கார்டு வாங்கித் தருகிறேன் என்று வட்டச் செயலாளர் வந்து கைகூப்பிவிட்டுப் போனார். கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதியது, படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஆளையும் பார்த்துவிட்டுப் போனார்கள். நாய்கள் மட்டும் அவனைப் பார்த்துக் குரைக்கவும் இல்லை, வாலாட்டவும் இல்லை.

ஆனால் தாளம் தளர்ந்துகொண்டு வந்தது. முதலில் எனக்குத்தான் தெரிந்தது, ஏனென்றால் அந்தத் தாளத்துக்குத்தான் நான் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மீன் தீய்ந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் தீய்ந்தது. தும் என்று ஒரு அடி விழுந்தால் அடுத்த தச் வருவதற்குள் நான் ஒரு தரம் மூச்சு விட்டு வாங்க முடிந்தது. சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் நடுவில் நிறுத்தி, அடுத்த அடி விழுகிறதா என்று காது கொடுத்தார்கள், விழுந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசினார்கள். ரியோவில் மெஷினும் அப்படித்தான் தளர்கிறது என்று மார்லி ஃபோனில் சொன்னாள்.

சும்மா இருந்தோமா? ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார், தர்காவிலிருந்து ஓதிய தண்ணீர் வந்தது, அங்காளம்மன் பூசாரி வேப்பிலை அடித்து விபூதி பூசினார். ஜெர்சன் எல்லாவற்றையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான், ஜெபமாலையும் தாயத்தும் மஞ்சள் கயிறும் அந்த ரோஜா மாலையோடு சேர்ந்து கழுத்தை நிறைத்தன. தாளம் மட்டும் ஏறவில்லை. ரெனாட்டா சோறு இறங்காமல் கிடந்தாள். நான் ஆடினேன், என் தம்பி சாவுக்கு நான் ஆடினேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பழியை எங்கள் மேல் போட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

என் வீட்டுக்காரர் அந்த நாட்களில் யார் சாவுக்கும் போகவில்லை. ஜெர்சன் எங்கே உட்கார்ந்தாலும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். இரண்டு பேருக்கும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது, டேப்பை மாற்றி மாற்றி அடித்துக்கொள்வார்கள். ஒரு சாயங்காலம் அவன் என் வீட்டுக்காரரைக் காட்டி ஹெப்சியிடம் ஏதோ கேட்டான். "அவருக்கு யார் பாடுவாங்கன்னு கேக்கறார் அங்கிள்" என்றாள் அவள். என் வீட்டுக்காரர் எழுந்து கடல் பக்கம் போய்விட்டார்.

கண்காட்சியின் கடைசி நாள் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் படங்களைக் கழற்றி மரப்பெட்டியில் அடுக்கிக் கப்பலுக்கு அனுப்ப வேண்டும். பெட்டி செய்கிற ஆட்கள் பலகையோடு வந்து இறங்கி, ஜெர்சன் படத்தை அளந்து, அந்த அளவுக்கு ஒரு நீளப் பெட்டியைத் தட்டி முடித்தார்கள். எங்கள் கண்ணுக்கு அது சவப்பெட்டிதான். பெட்டியில் வைத்து ஆணி அடித்துவிட்டால் பிணத்தை எடுத்துவிட்டதாகத்தானே அர்த்தம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஜெர்சன் முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் என்னைப் பார்த்து ஒன்று என்று விரலைத் தூக்கினான். நான் கல்லில் வஞ்சிரம் போட்டேன்.

அப்போதுதான் உள்ளே ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையோடு நிற்கிறார். ஜெர்சன் படத்துக்குப் பக்கத்தில் எங்கள் கல்யாண ஃபோட்டோ, என் பாதியை மடித்துவிட்டு அவர் பாதி மட்டும் தெரிகிற மாதிரி கண்ணாடிக்குள் வைத்து மாட்டியிருக்கிறார். ஜெர்சன் தலைக்கு மேல் எரிந்த பல்பை இழுத்துத் தன் தலைக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா பண்ற?" என்றேன்.

"பாட்டு வெறுங்கையோட திரும்பாதுமே" என்றார். "ஒரு பேரச் சொல்லி அனுப்பிட்டேன். அந்தப் பேரத் திருப்பிக் குடுன்னா, வேற பேர வையின்னுது. பாடனது நானு. எம் பேரத்தான் வெக்கணும்."

"வூட்ல ஒருத்தி கீறான்னு நெனப்பு இருக்கா உனக்கு?"

"இருக்கு. அதான் உன்ன மடிச்சி வெச்சேன்."

ரெனாட்டா ஹெப்சியைப் பிடித்து உலுக்கி, நடப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, என் வீட்டுக்காரர் காலடியில் வந்து உட்கார்ந்தாள். தன் பேரை வைக்கச் சொன்னாள், நான்தானே ஆடினேன் என்றாள். "வந்த விருந்தாளி பேர எடுத்து நெருப்புல போடுற தெருவாமே இது? எந்திரி" என்று அவளை எழுப்பி விட்டார். பிறகு சம்மணம் போட்டார், டேப்பைத் தீயில் காட்டிச் சூடேற்றினார், பாட ஆரம்பித்தார்.

முனியம்மா பெத்த மகனே, மூலகொத்தளச் சுடுகாடு பாத்தவனே,
ஊருக்கெல்லாம் பாடினியே, உனக்குப் பாட நீதானா,
எத்திராஜுலு, எந்திரிடா...

வெளியே ஸ்டூலில் இருந்த ஜெர்சன் எழுந்து உள்ளே வந்து, வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினான். அவன் நெஞ்சில் தும் என்று ஓர் அடி விழுந்தது. அடுத்தது வரவில்லை. வரவில்லை. வந்தது. அந்த அடி வந்தபோது என் வீட்டுக்காரர் குரல் ஒரு பிடி இறங்கியது, நெற்றியில் வேர்வை அரும்பியது. பாட்டு தன் தெருவை முடித்து, தான் தின்ற மீனுக்கு வந்துவிட்டது. என்னைப் பற்றி ஒரு அடி வரும், அதற்கப்புறம் வழியனுப்புதான். பாதியில் விடுகிற ஆள் இல்லை அவர், வாயைப் பொத்தினாலும் கை தட்டிப் பாடி முடிப்பார். நான் என்ன செய்வேன்? அந்த நேரம் பார்த்து ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. வந்து, "யாரக் கேட்டு இங்க கூட்டம் போட்டு அடிக்கிறீங்க, பர்மிஷன் எங்க?" என்றார். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

வெளியே என் மீன் கருகுகிற வாசனை வந்தது. அந்த வாசனையில்தான் எனக்கு அது தோன்றியது. நான் மீன்காரி. காசிமேட்டில் ஏலத்துக்கு ஒரு பெரிய வஞ்சிரம் வந்தால், ஒரு வீட்டால் அதை வாங்கித் தின்று தீர்க்க முடியாது, அதற்காக அதைக் கடலிலா போடுகிறோம்? பத்து வீடு சேர்ந்து எடுப்போம், வெட்டிக் கூறு போடுவோம், ஆளுக்கு ஒரு துண்டு கொண்டுபோய்க் குழம்பு வைப்போம், எந்த வீட்டுக்கும் பாரமில்லை.

"யோவ், எம் பேரயும் போடுய்யா" என்று கத்தினேன். "தனபாக்கியம். கன்னியம்மா மக."

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து பார்த்தார். தலையை ஆட்டினார், முடியாது என்று.

"கூறு போடுய்யா சாவ. ஒனக்கு மட்டும் மொத்த மீனா? எங் கூறக் குடு."

அவர் மடித்து வைத்த கல்யாண ஃபோட்டோவை நான் கண்ணாடியிலிருந்து உருவி நிமிர்த்தி வைத்தேன். அவர் என்னையே பார்த்தார். அப்புறம் பாடினார், கன்னியம்மா பெத்தவளே, தனபாக்கியமே என்று. பேர் விழுந்த இடத்தில் என் நெஞ்சு ஒரு அடியை விட்டது. ஒரே ஒரு அடி. படி ஏறும்போது இல்லாத படியில் கால் வைத்தது போல இருந்தது, அதற்குள் அடுத்த அடி வந்துவிட்டது.

"அவ்ளோதான், ஒண்ணும் ஆவல" என்று திரும்பிச் சொன்னேன். பூக்காரர் முன்னால் வந்து பேர் சொன்னார், தாய் பேர் சொன்னார். சலூன்காரர் சொன்னார். வலைக்காரர்கள் ஆறு பேர் வரிசையாக வந்து சொன்னார்கள். பெட்டி தட்ட வந்த ஆட்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து சொன்னார்கள். கைப்பிள்ளைக்காரிகளிடம் நீங்கள் வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. ஹெப்சி தன் பேரைச் சொல்லிவிட்டு ரெனாட்டாவைப் பார்த்தாள். "இப்ப சொல்லலாம், இப்ப இவ விருந்தாளி இல்ல, கூறுக்காரி" என்றேன் நான். எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத மாதிரி தன் பேரைச் சொன்னார், இனிஷியலோடு.

இத்தனை பேரையும் இத்தனை தாய்களையும் கோத்துக்கொண்டு பாட்டு நீண்டது. ஒவ்வொரு பேருக்கும் ஒரு நெஞ்சு ஒரு அடியை விட்டது. ஆனால் ஜெர்சனின் தாளமும் தேய்ந்துகொண்டே போனது, அது திரும்பிப் போகிறதா செத்துப் போகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை, தெரியாமலேதான் ஒவ்வொருவரும் முன்னால் போய்ப் பேர் கொடுத்தோம். அவன் பெட்டிச் சுவரில் சாய்ந்து நின்றான். கண் என் வீட்டுக்காரர் மேலேயே இருந்தது. வழியனுப்பு அடி வந்தது. என் வீட்டுக்காரர் விடாமல் பாடி முடித்தார். டேப் நின்றது. ஜெர்சன் நெஞ்சும் நின்றது. சுவரோரம் ரோஜா மாலை, ஜெபமாலை, தாயத்து, மஞ்சள் கயிறு, பெல்ட் போட்ட லுங்கி எல்லாம் தரையில் கிடந்தன, அவன் இல்லை. படத்தில் அவன் கழுத்து வெறுமனே இருந்தது.

ரெனாட்டா அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார், நான் அவர் முதுகில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கே எடுத்தார்கள். மார்லி அழுகிறாள். என்ன அழுகை அது, ஹெப்சியைப் பார்த்தால் அவளும் வாயில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள், சொல்லேண்டி பாவி என்று நான் அவள் தோளைப் பிடித்தேன். அப்போது ஃபோனில் ஆண் குரல் கேட்டது, கரகரத்துப்போன, தூங்கி எழுந்த குரல்.

ஹெப்சி அழுதுகொண்டே சொன்னாள். "ஆன்ட்டி, மீன் என்னாச்சுன்னு கேக்கறார்."

"கருகிப் பூட்ச்சின்னு சொல்லு" என்றேன்.

கண்காட்சி கப்பலேறிப் போய்விட்டது, கிடங்கில் இப்போது வெங்காயம் அடுக்கியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் யார் நாடியைப் பிடித்தாலும் நடுவில் ஒரு அடி இருக்காது, பெரியாஸ்பத்திரி டாக்டருக்கு இது பழகிவிட்டது, கிடங்குத் தெருவா, போம்மா, நல்லாத்தான் இருக்கே என்று அனுப்பிவிடுகிறார். என் வீட்டுக்காரர் மறுபடி சாவுகளுக்குப் போகிறார். ஆனால் இப்போதெல்லாம் போன இடத்தில் முதலில் பிணத்தின் மூக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். அந்த வீட்டார் முறைத்தாலும் சரி, பார்க்காமல் உட்காருவதில்லை.

போன மாதம் ஜெர்சன் எங்கள் ஃபோனுக்கு ஒரு பாட்டு அனுப்பினான். அந்த ஃபங்க் தாளம்தான், நடுவில் ஒரு அடி விட்டு விட்டு வருகிறது. அதில் எங்கள் பேர் எல்லாம் வருகிறது, பூக்காரர், சலூன்காரர், எஸ்.ஐ. இனிஷியல் வரைக்கும், அவன் வாயில் எங்கள் தாய்மார் பேரெல்லாம் என்னென்னவோ ஆகியிருந்தாலும் புரிகிறது. பாதிக்கு மேல் முழுக்க முழுக்க என் வீட்டுக்காரர்தான். எத்திராஜுலு என்று ஆரம்பித்து, முனியம்மாவைச் சொல்லி, டேப்பைச் சொல்லி, வஞ்சிரத்தைச் சொல்லி, என்னைச் சொல்லி, அப்படியே நின்றுவிடுகிறது. வழியனுப்பு இல்லை.

முதல் தடவை கேட்டபோது என் வீட்டுக்காரர் ஃபோனை ஆட்டிப் பார்த்தார். "கடைசி அடி எங்கடா? அரகொறையா நிக்குது" என்று கத்தி, ஹெப்சியை வரச் சொல்லிக் கேட்க வைத்தார். ஜெர்சன் பதில் சொன்னானாம், எனக்கு அது தெரியும், ஆனால் பாட மாட்டேன் என்று.

பாதியில் நின்ற பாட்டைக் காதால் கேட்கச் சகிக்காத மனிதர் அதைத் தினம் கேட்கிறார். சோற்றுக்கு உட்காரும்போது போடுவார். எனக்கு யார் பாடுவார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டார். என் பேர் வருகிற இடத்தில் நெஞ்சு ஒரு அடி நிற்கும், அவரைப் பார்ப்பேன், அவரும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். அடுத்த அடி வந்ததும் அவர் சோற்றைப் பிசைவார், நான் இன்னொரு துண்டு மீன் வைப்பேன்.